வாரத்தின் முதல் நாளில் எடுத்துவைத்தல்: ஆயரும் சிக்கன வாழ்வும்

சென்ற ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு முன்பு, கோபிசெட்டிபாளையம் வட்டாரத்திலுள்ள ஒரு கிராமச் சபையில் பிரசங்கிக்கும்படி பணிக்கப்பட்டிருந்த மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். இளைஞர் கையில் காசு நிற்பதில்லை. ஆகவே சேமிப்பையும் சிக்கனத்தையும் குறித்து வேதத்திலிருந்து பேசவேண்டும் என்று அச்சபையின் மூப்பர்கள் அவரைக் கேட்டிருந்தனர். மாணவருக்கோ தயக்கம். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் பூமியிலே பொக்கிஷம் சேர்ப்பதைத் தடுத்திருக்க, பிரசங்க பீடத்தில் நின்றுகொண்டு சேர்த்துவையுங்கள் என்று எவ்விதம் சொல்வது? அஃது அஞ்சலகச் சேமிப்பு முகவர் செய்யவேண்டிய வேலையல்லவா என்றார்.

கேள்வி நியாயமானது. நம்முடைய இறையியல் கல்லூரிகளில் கிரேக்கம் கற்பிக்கிறோம், திருச்சபை வரலாறு கற்பிக்கிறோம்; மாதச் சம்பளத்தைக் கொண்டு குடும்பம் நடத்தும் விதத்தை ஒருவரும் கற்பிப்பதில்லை. அதன் பலனைச் சேகரங்களில் காண்கிறோம். ஆகவே இப்பொருளை மொழியாராய்ச்சியிலிருந்து தொடங்கி, நம் கொங்கு நாட்டு அனுபவத்தோடு சேர்த்துச் சற்றே விரிவாக நோக்க விரும்புகிறேன்.

மத்தேயு 6:19இல் ஆண்டவர் விலக்கும் செயலைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல் 'தேசௌரிட்சோ' என்பது. பொக்கிஷம் என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த வினை அது. இதே வினையை லூக்கா 12:21இல் மதிகேடனான ஐசுவரியவானைப் பற்றியும், யாக்கோபு 5:3இல் கூலியாட்களின் கூலியை அபகரித்த நிலக்காரரைப் பற்றியும் காண்கிறோம். இம்மூன்றிடத்திலும் கண்டனம். ஆனால் இதே வினையைப் பரிசுத்த பவுல் 1 கொரிந்தியர் 16:2இல் கட்டளையாக எழுதுகிறார். 2 கொரிந்தியர் 12:14இல் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் செய்யவேண்டிய கடமையென்றும் கூறுகிறார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் மத்தேயுவிலும் கொரிந்தியரிலும் 'சேர்த்துவைத்தல்' என்ற ஒரே வினையையே வழங்கியிருப்பது கவனிக்கத்தக்கது. ஆகவே செயல் ஒன்றே. ஒருவனுக்கு அது பாவமாகவும் மற்றொருவனுக்குக் கீழ்ப்படிதலாகவும் ஆவது, யாருக்காகச் சேர்க்கிறான், யாருடைய பங்கைப் பிடித்துவைத்துச் சேர்க்கிறான் என்பதைப் பொறுத்தது.

கொரிந்தியருக்கு எழுதிய அவ்வசனத்தைக் காணிக்கை வசனம் என்று மட்டுமே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்கான தர்மசகாயமே அங்கு நோக்கம் என்பது உண்மை. ஆயினும் அப்போஸ்தலர் சொல்லும் முறை, பணத்தைக் கையாளும் எவருக்கும் உரிய பழக்கமுறையாகும். வாரத்தின் முதல் நாளில் எடுத்துவைக்கச் சொல்கிறார். வாரம் முடிந்து மீந்ததை அல்ல. செல்வரை மட்டுமன்றி ஒவ்வொருவரையும் அழைக்கிறார். வரவுக்குத் தக்கபடி என்கிறார். இன்ன தொகை என்று குறிக்கவில்லை. தான் வரும்போது அவசர அவசரமாகப் பணம் சேர்க்கும் நிலை கூடாது என்கிறார். நம் சேகரங்களில் ஆண்டுக் கணக்கு முடியும் தறுவாயில் நடக்கும் ஓட்டத்தை அவர் அக்காலத்திலேயே கண்டவர் போலும்.

இவற்றினும் முக்கியமான இன்னொன்று உண்டு. ஒவ்வொருவனும் 'தன்னிடத்திலே' சேர்த்துவைக்கவேண்டும். யோவான் கிறிசோஸ்தோம் இவ்வசனத்தின்மேல் ஆற்றிய பிரசங்கத்தில் இச்சொல்லைப் பற்றிக்கொண்டு, வீடே ஆலயமாகட்டும், நீ முழங்காற்படியிடும் இடத்தருகே ஏழைகளுக்கென ஒரு பெட்டி இருக்கட்டும், ஜெபிக்கும் முன் அதில் போடு என்னும் கருத்துப்பட அறிவுரை கூறுகிறார். நம் தாய்மார் உலையில் அரிசியிடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் இட்ட கைப்பிடியரிசி வழக்கமும் இதுவே. சோறு வடித்தபின் மீந்ததை எடுத்தவர் எவருமில்லை. உலையில் விழுமுன் எடுத்ததே கைப்பிடியரிசி. சேமிப்புப் பழக்கத்தின் சூத்திரம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. நூறு ரூபாய் வந்தவுடன் பத்தை எடுத்துவைத்தவன் தொண்ணூறில் வாழக் கற்றுக்கொள்கிறான். மீந்தால் வைப்போம் என்றிருப்பவனுக்கு மீதி வருவதேயில்லை.

எடுத்துவைத்தல் என்பது கொங்கு மண்ணுக்குப் புதிதன்று. காவிரியும் பவானியும் நொய்யலும் அமராவதியும் பாய்ந்தும், இந்நாட்டின் பெரும்பகுதி மானாவாரிக் காடும் கிணற்றுத் தோட்டமுமே. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. மழை பொய்க்கும் என்பதை அறிந்த குடியானவன் கம்பையும் சோளத்தையும் குதிரில் வைத்தான். எவ்வளவு பசித்தாலும் விதைத் தானியத்தில் கைவைக்கமாட்டான். தொழில் வளர்ந்த காலத்திலும் இம்மனப்பான்மை தொடர்ந்தது. 1893இல் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, உணவகத்தில் பரிமாறும் வேலை செய்து மிச்சப்படுத்திய கூலியில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டி இயந்திரம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார்.

பீளமேட்டுப் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வர் சொத்தைப் பிரித்த வரலாறு இன்னும் பொருத்தமானது. அவர்கள் நான்கு பங்கு வைக்கவில்லை. ஐந்து பங்கு வைத்து, ஐந்தாவதை அறத்துக்கென ஒதுக்கினார்கள். 1926இல் அது பி.எஸ்.ஜி. அறநிலையமாயிற்று. அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆயினும் பிரிக்கும்போதே அறத்தின் பங்கைப் பிரித்துவிட்ட அச்செயல், பவுல் கூறிய முறைக்கு நம்மில் பலருடைய நடத்தையைவிட நெருங்கியது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஐந்தில் ஒன்று என்றதும் வேதமாணவருக்கு ஆதியாகமம் 41 நினைவுக்கு வரும். செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்திலொன்றை யோசேப்பு சேர்த்துவைத்தான். சேமிப்பைப் பற்றிய பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். 47ஆம் அதிகாரம் வரை வாசிப்பவர் குறைவு. அங்கே அதே களஞ்சியத்துக்கு முன் எகிப்தியர் முதலில் பணத்தையும், பிறகு கால்நடைகளையும், கடைசியில் நிலத்தையும் தங்களையுமே தானியத்துக்கு விற்கிறார்கள். சேர்த்துவைத்தவன் கையில் சேமிப்பு அதிகாரமாக மாறிவிடுகிறது. கொங்கு நாட்டிலும் இது நடந்தது. மிச்சம் பிடித்தவர் வட்டிக்கு விட்டார். கடன்பட்ட பண்ணையாள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்தான். ஈரோட்டைச் சுற்றியுள்ள நம் கிராமச் சபைகளில் மிகப் பலர் அப்படிப்பட்ட உழைப்பாளரின் பிள்ளைகள், பெரும்பாலும் அருந்ததிய மக்கள். வரவே இல்லாதவனிடம் சிக்கனத்தைப் பிரசங்கிப்பது நற்செய்தி ஆகாது. ஆயர் இதை மறப்பாரானால், அவருடைய பிரசங்கம் பண்ணையாருடைய அறிவுரையாகவே கேட்கும்.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. நம் பகுதி நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், இளம் பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, சுமார் மூன்று ஆண்டு முடிவில் திருமணத்துக்கு மொத்தமாகத் தருவதாகச் சொல்லும் வழக்கம் இருந்தது. பெற்றோருக்கு அது சேமிப்பாகவே தோன்றிற்று. ஆனால் நோயுற்றோ மனம் நொந்தோ இடையில் வெளியேறிய பெண் பலவேளைகளில் அத்தொகையை இழந்தாள். பிறர் கையில் பிடிபட்டிருந்த கூலியை அவளுடைய சேமிப்பு என்று எப்படிச் சொல்வது? 'தன்னிடத்திலே' என்ற அப்போஸ்தலரின் சொல் எவ்வளவு ஆழமானது என்பதை ஆலைப் பெண்பிள்ளைகளின் கதைகளைக் கேட்டபோதே நான் விளங்கிக்கொண்டேன்.

ஏழைகள் தங்கள் சிறு காசைத் தங்கள் கையிலேயே வைத்துப் பெருக்க வழியுண்டா என்ற கேள்விக்கு முதல் விடைகளில் ஒன்றைக் கண்டவர் ஒரு சபைக்குரு என்பதை நம் மாணவர் அறிந்திருக்கவேண்டும். ஸ்காட்லாந்தின் ருத்வெல் கிராமத்தில் 1810இல் ஹென்றி டங்கன் என்னும் ஆயர் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார். பெரிய வங்கிகள் பத்துப் பவுனுக்குக் குறைந்த தொகையை ஏற்காத அந்நாளில், அவர் ஆறு பென்னியை ஏற்றார். பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள். சாவிகள் வெவ்வேறு ஆட்களிடம். ஆயர் நினைத்தாலும் தனியே திறக்க முடியாது! இவ்வொரு செய்தியை நம் சேகரப் பொருளாளர்கள் அனைவருக்கும் எழுதியனுப்பலாம்.

ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் மற்றொரு பாடத்தைக் கற்றார். புரோட்டஸ்டண்டு விசுவாசியான அவர் கிராமத் தலைவராயிருந்து, 1846-47ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் செல்வந்தரின் உதவியால் ரொட்டிச் சங்கம் நடத்தினார். ஆயினும் பிறர் தயவை நம்பிய சங்கம் நிலைக்காது என்று கண்டு, 1864இல் ஹெடஸ்டார்ஃபில் உறுப்பினர்கள் தாங்களே சேமித்துத் தாங்களே பொறுப்பேற்கும் கடன் சங்கத்தை அமைத்தார். அவர் முறையை நம் நாட்டுக்குப் பரிந்துரைத்தவர் வேறு யாருமல்லர். 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த அதே எஃப்.ஏ. நிக்கல்சன்தான். இம்மாவட்டத்துக் குடியானவனின் கடனைக் கண்ணால் கண்டவர் அவர். 1895, 1897ஆம் ஆண்டுகளில் வெளியான தம் அறிக்கையில், சட்டமும் பணமும் போதா, ரைஃபைசனைப் போன்ற ஆள் வேண்டும் என்ற முடிவுக்கே வந்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. பின்னர் கோவையின் டி.ஏ. இராமலிங்கம் செட்டியார் அவ்வியக்கத்தைத் தமிழகத்தில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஆனார். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இவ்வழியில் வந்தவையே: இருபது பெண்கள் கூடிச் சிறுதொகையைச் சேர்ப்பார்கள், கணக்கை எல்லாரும் கேட்க வாசிப்பார்கள், பிறகே கடன். சேமிப்பு முன், கடன் பின் என்ற அந்த வரிசைதான் அதன் உயிர்.

இன்று அவ்வரிசை பல ஊர்களில் தலைகீழாகிவிட்டது. தனியார் சிறுகடன் நிறுவனங்கள் அதே பெண்களை அதே தெருவில் கூட்டுகின்றன. ஆனால் கூடுவது சேமிக்க அல்ல, தவணை கட்ட. கைப்பேசியில் பணம் செலுத்தும் முறை 2016க்குப் பின் பரவியதால், செலவாகும் பணம் கண்ணிலும் படுவதில்லை, கையிலும் கனப்பதில்லை. நூற்றுக்கு மூன்று வட்டி என்று இலேசாகச் சொல்கிறோம். அது மாதத்துக்கு, ஆண்டுக்கு முப்பத்தாறு. பத்தாயிரம் வாங்கியவர் வட்டி மட்டுமே செலுத்திவந்தால் மூன்று ஆண்டில் பத்தாயிரத்து எண்ணூறு கட்டியிருப்பார். அசல் அப்படியே நிற்கும். இக்கணக்கை வாலிபர் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஒரு பிரசங்கத்தைவிடப் பயன்படும்.

சேர்த்ததைக் காப்பதும் இப்பழக்கத்தின் ஒரு பகுதியே. கடின உழைப்பும் சிக்கனமும் உள்ள இம்மக்கள் பேராசை வாக்குறுதிகளில் வீழ்ந்தது விந்தையான சோகம். திருப்பூரில் அன்னியச் செலாவணி வணிகம் என்று சொல்லிப் பணம் திரட்டிய பாசி நிறுவனம் 2009இல் வீழ்ந்தது. 2022 ஆகஸ்டில் கோவைச் சிறப்பு நீதிமன்றம் அதன் இயக்குநர் இருவருக்கு 27 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பெருந்துறையைச் சுற்றி எழும்பிய ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் 2012இல் சரிந்தன. இப்படிப்பட்டவர்கள் தேடி வருவது முதலில் ஆயரைத்தான். ஆயர் பணம் போட்டிருக்கிறார் என்ற ஒரு சொல் போதும், சேகரமே பின்தொடரும். ஆகவே எந்த நிதித் திட்டத்தையும் நாம் சபைக்கு அறிமுகப்படுத்தலாகாது. முகவராயிருப்பதோ முற்றிலும் தகாது. சீட்டைப் பொறுத்தவரை, 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்கச் சொல்லுங்கள். வங்கி வைப்புகளுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து இலட்சம் வரை 2020 முதல் காப்பீடு உண்டு. கூட்டுறவு வங்கிகளும் இதில் அடங்கும். கிராமத் தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் மட்டும் இக்காப்பீட்டில் சேரா.

இனி, குருமனையின் உள்ளே வருவோம். நானும் ஊழியத்தின் முதல் ஆண்டுகளில் மனைவியின் வளையலை அடகு வைத்தவன். காரணம் வறுமை என்று நெடுநாள் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒருநாள் இருவரும் அமர்ந்து மூன்று மாதச் செலவை எழுதிப் பார்த்தபோது, வறுமை பாதி, வரவேற்புகளுக்குப் போட்டிபோட்டு எழுதிய மொய் பாதி என்று தெரிந்தது. ஆயர் எழுதும் மொய் குறைந்தால் மரியாதை குறையும் என்ற பயம் எனக்கு. அவ்வாறு குறைந்ததாக எனக்குப் பின்னால் தெரியவரவில்லை.

ஆயருக்கு ஒரு தனி அபாயம் உண்டு. வாழ்நாளெல்லாம் குருமனையில் குடியிருந்தவர், ஓய்வுபெறும் நாளில் சாவியைத் திருப்பித் தந்துவிட்டு வாடகை வீடு தேடுகிறார். அடுத்தடுத்த இடமாற்றங்களில் வாங்கிய மேசை நாற்காலிகள் அவர் கணக்கில் சேமிப்பாக இருப்பதில்லை. முப்பது வயதில் மாதம் ஒரு சிறுதொகையை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடத் தொடங்கியவருக்கும் ஐம்பதில் விழித்தவருக்கும் உள்ள வேறுபாட்டை, ஓய்வுபெற்ற மூத்த ஆயர்களின் வீடுகளில் நாம் காணலாம். முதல் சம்பளத்தில் தசமபாகத்தையும், அதற்கு அடுத்தபடியாக இவ்வைப்பையும் எடுத்துவிடும்படி மாணவருக்கு நான் சொல்வதுண்டு. கணக்கு எழுத ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். கணவனும் மனைவியும் இருவரும் எழுதவேண்டும், பிள்ளைகளும் பார்க்கலாம்.

சிக்கனம் கஞ்சத்தனமாகிவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை. வெஸ்லி 1760இல் வெளியிட்ட பணத்தின் பயனைப் பற்றிய பிரசங்கத்தில் ஈட்டுதல், சேமித்தல், கொடுத்தல் என மூன்றை இணைத்தார். வேறொரு பிரசங்கத்தில், ஆண்டுக்கு முப்பது பவுன் பெற்றபோது இருபத்தெட்டில் வாழ்ந்து, வருமானம் அறுபதும் தொண்ணூறும் ஆனபோதும் அதே இருபத்தெட்டில் வாழ்ந்து மற்றதைக் கொடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அவர் தாமே என்பது பொதுவான கருத்து. உழைப்பும் சிக்கனமும் செல்வத்தைப் பிறப்பிக்க, அச்செல்வமே பக்தியைத் தின்றுவிடுமே என்ற கவலையும் 1786இல் அவரை வாட்டியது. விருந்தாளிக்குக் காப்பி கொடுப்பதில் மிச்சம் பிடிக்கும் குருமனையை நான் சிக்கனமான வீடு என்று சொல்லமாட்டேன்.

அந்த மாணவர் 1 கொரிந்தியர் 16ஐக் கொண்டே பிரசங்கித்தார். ஆராதனை முடிந்தபின் களையெடுக்கும் வேலை செய்யும் ஒரு முதிய தாயார் அவரிடம் வந்து, "நீங்க சொன்னது சரிங்க ஐயா. ஆனா சனிக்கெழமை கூலி வாங்குனதும் குழுக்காரரு வாசல்ல வந்து நிக்கறாருங்க. ஞாயித்துக்கெழமை எடுத்து வெக்க என்னங்க இருக்குது?" என்றாராம். மாணவருக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்பதை மூப்பர்களிடமே சொல்லிவிட்டார்.

இப்போது அச்சபையில் இரண்டு மூப்பர்களும், பள்ளி ஆசிரியை ஒருவரும், இம்மாணவரும் சேர்ந்து, விரும்பும் குடும்பங்களோடு மாத்திரம் உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு கடன், எந்த வட்டி, எது முதலில் தீரவேண்டும் என்று எழுதி வருகிறார்கள். பதினொரு குடும்பங்கள் வந்திருக்கின்றன. அந்தத் தாயாரின் தவணை இன்னும் பதினான்கு வாரங்கள் இருக்கின்றன. பதினைந்தாவது வாரத்திலிருந்து அதே தொகையை அவர் தம் பெயரிலேயே அஞ்சலகத்தில் போடுவதாகச் சொல்லி, கணக்குப் புத்தகம் வாங்க எந்தச் சான்றுகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.